சுருள்வில்லின் இரு முனைகள்



விடிவதற்கு முன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் புறப்படுகிறார் ஒருவர். பள்ளிக்கூடத்தில் பேனாவின் தலையைக் கட்டை விரலால் அமுக்கி எழுதத் தொடங்குகிறான் ஒரு பிள்ளை. தோட்டத்துப் பட்டறையில் லாரியின் எஞ்சினைப் பிரித்து வைத்திருக்கிறார் ஒரு மெக்கானிக். இந்த மூவர் கையிலும் இருக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் ஸ்பிரிங். நூல்களில் இதைச் சுருள்வில் என்று எழுதுவார்கள். மின்கலத்தை அழுத்திப் பிடிப்பதும், பேனா முனையை உள்ளே இழுப்பதும், எஞ்சின் வால்வை மூடுவதும் அதன் வேலை.

இந்தச் சுருள்வில்லின் வரலாற்றையும், அதில் பலரும் கவனிக்காமல் விடுகிற ஒரு பகுதியையும் இன்றைய உரையில் காண்போம். அந்தப் பகுதி அதன் இரண்டு முனைகள். சுருள்வில்லின் பலம் அதன் உடலில் இருக்கிறது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் முனை சரியாக அமையாவிட்டால் நல்ல எஃகினால் செய்த சுருள்வில்லும் கோணிக்கொள்ளும், தேயும், முறியும். தலையில் நீர்க்குடம் தூக்கிய பாட்டிமார்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கழுத்து எவ்வளவு உறுதியாக இருந்தாலும், சும்மாடு சரியாக இல்லையென்றால் குடம் நிற்காது அல்லவா? சுருள்வில்லின் முனை என்பது அதன் சும்மாடு.

முதலில் வில் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். வேடன் நாணை இழுக்கிறான். மரம் வளைகிறது. நாணை விட்டதும் வளைந்த மரம் பழைய வடிவுக்குத் திரும்பி அம்பைத் தள்ளுகிறது. வளைந்து கொடுத்து, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும் இந்தக் குணம்தான் எல்லா ஸ்பிரிங்குகளுக்கும் அடிப்படை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சாதாரணக் கட்டை வண்டியில் ஏறினால் உடம்பு முழுவதும் குலுங்கும். அச்சின் மேல் வளைந்த எஃகுத் தகடுகளை அடுக்கி, அதன் மேல் கூண்டை வைத்த வண்டி வந்தபோது மக்கள் அதற்கு வில் வண்டி என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்! லாரியின் அடியில் இன்றும் தகடு தகடாக அடுக்கியிருப்பது அந்த வில்தான்.

நமது லிங்கி வட்டாரத்தின் வரலாற்றிலும் இந்த மாற்றத்தின் சாயலைக் காணலாம். 19-ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங் பகுதியில் தோண்டிய ஈயம் லிங்கி ஆற்றின் வழியே படகில் கடலுக்குச் சென்றது. 1891-இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் பிறகு ஆற்று வழி வணிகம் மங்கியது. படகுக்கு ஸ்பிரிங் தேவையில்லை. நீரே அதைத் தாங்குகிறது. மெதுவாகப் போகும் மாட்டு வண்டியும் ஸ்பிரிங் இல்லாமல் காலத்தை ஓட்டிவிடும். ஆனால் இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் வேகமாக ஓடும்போது, ஸ்பிரிங் இல்லாமல் வண்டியும் தாங்காது, பாதையும் தாங்காது. ஆகவே உலகில் இரயில் பரவிய இடமெல்லாம் ஸ்பிரிங் செய்யும் தொழிலும் அதைப் பின்தொடர்ந்து சென்றது.

இனி, கம்பியைச் சுருட்டிச் செய்யும் சுருள்வில்லின் கதைக்கு வருவோம். இதன் தொடக்கம் ஐரோப்பாவின் கடிகாரப் பட்டறைகளில் இருக்கிறது. ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1675-இல் சட்டைப்பைக் கடிகாரத்தின் ஓட்டத்தைச் சீராக்க மெல்லிய சுருள் ஒன்றைப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார். அதே காலத்தில் இங்கிலாந்தில் இராபர்ட் ஹூக் என்ற அறிஞர் சுருள்களில் எடைகளைத் தொங்கவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். 1678-இல் அவர் வெளியிட்ட விதி மிக எளியது. ஒரு கிலோ எடைக்கு ஒரு சுருள் ஒரு சென்டிமீட்டர் நீண்டால், இரண்டு கிலோவுக்கு இரண்டு சென்டிமீட்டர் நீளும். அளவு மீறாத வரையில் நீளமும் பாரமும் இணைந்தே கூடும். நாம் பார்க்கும் ஸ்பிரிங் தராசு இந்த விதியின் மேல்தான் நிற்கிறது. இங்கிலாந்தின் பில்ஸ்டன் என்ற ஊரில் 1760-இல் தொழில் தொடங்கிய சால்ட்டர் குடும்பத்தார், ஸ்பிரிங் தராசு செய்து உலகெங்கும் பெயர் பெற்றார்கள்.

சுருள்வில்லில் மூன்று இனம் உண்டு. இழுத்தால் எதிர்ப்பது ஒன்று. முறுக்கினால் எதிர்ப்பது இன்னொன்று. அமுக்கினால் எதிர்ப்பது மூன்றாவது. பால்மரத்தில் மங்கு தொங்குவதற்காகக் கம்பியோடு சேர்த்துச் சுற்றிக் கட்டும் சிறு சுருள் முதல் இனம். மரம் பருக்கப் பருக்க அது விரிந்து கொடுக்கும். துணி உலர்த்தும் கிளிப்பில் இருப்பது இரண்டாவது இனம். பேனாவிலும், டார்ச் விளக்கிலும், எஞ்சின் வால்விலும் இருப்பது மூன்றாவது இனம், அதாவது அமுக்குச் சுருள்வில். இன்று நாம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

அமுக்குச் சுருள்வில்லுக்குப் பொறியாளர்கள் தனி மதிப்புக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. இழுக்கும் சுருளின் கொக்கி முறிந்தால் பாரம் அறுந்து விழும். அமுக்கும் சுருள் முறிந்தாலும் முறிந்த துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்து பாரத்தை ஓரளவு தாங்கிக்கொண்டிருக்கும். அளவுக்கு மீறி அமுக்கினாலும் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டை போல நின்றுவிடும். ஆகவே உயிருக்கு ஆபத்து வரக்கூடிய இடங்களில் இதையே பெரிதும் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்படிப்பட்ட இடங்களில் முக்கியமானது நீராவிக் கொதிகலன். தொடக்க கால இரயில் எஞ்சின்களில் கொதிகலனின் மேலே ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கும். நீராவியின் அழுத்தம் அளவை மீறினால் வால்வு தானாகத் திறந்து நீராவியை வெளியேற்ற வேண்டும். அந்த வால்வை ஒரு நெம்புகோலும் ஸ்பிரிங் தராசும் அமுக்கிப் பிடித்திருந்தன. மேட்டில் ஏற எஞ்சினுக்குக் கூடுதல் பலம் தேவைப்பட்டபோது, சில ஓட்டுநர்கள் தராசின் திருகைக் கூடுதலாக முடுக்கிவிடுவது வழக்கமாயிற்று. வால்வு திறக்காது, அழுத்தம் ஏறும், கடைசியில் கொதிகலனே வெடிக்கும். இப்படி வெடித்த கொதிகலன்கள் ஒன்றல்ல, இரண்டல்ல. எத்தனையோ தொழிலாளர்கள் மாண்டார்கள்.

இதற்கு ஒரு முடிவு கட்டியவர் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1855-இல் அவர் அமைத்த வால்வில் இரண்டு வாய்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரே சுருள். ஓட்டுநர் ஒரு பக்கம் அமுக்கினால் மறு பக்கம் திறந்துகொள்ளும். யாரும் கை வைத்துக் கெடுக்க முடியாத அமைப்பு அது. பிற்காலத்தில், வால்வின் நேர் மேலே ஓர் அமுக்குச் சுருள்வில்லை வைத்து, அதை மூடியிட்டுப் பூட்டும் முறை பரவியது.

இங்கேதான் முனையின் முக்கியத்துவம் வெளிப்பட்டது. வால்வின் தட்டு தன் இருக்கையில் நூல் பிடித்தாற்போலச் சமமாக உட்கார வேண்டும். மேலே இருக்கும் சுருளின் முனை கோணலாக இருந்தால் அது தட்டின் ஒரு பக்கத்தை அதிகமாகவும், மறு பக்கத்தைக் குறைவாகவும் அமுக்கும். குறைவாக அமுங்கிய பக்கத்தில் நீராவி கசியும். கோணலாக நிற்கும் தண்டு உறையில் உராய்ந்து சிக்கிக்கொண்டால், திறக்க வேண்டிய நேரத்தில் வால்வு திறக்காது. ஆகவே சுருளின் இரு முனைகளையும் தட்டையாக்கி, மேலும் கீழும் தனித் தட்டுகள் வைத்து, பாரம் நடுவில் மட்டும் விழும்படி செய்தார்கள். இன்று செம்பனை ஆலைகளில் இருக்கும் கொதிகலன்களிலும் இதே முறைதான். அந்த வால்வைத் தகுதி பெற்றவர் தவிர வேறு எவரும் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டின் பின்னால் இத்தனை பேரின் உயிர் இருக்கிறது.

சரி, முனைகள் எத்தனை வகை? நான்கு வகை.

முதலாவது, திறந்த முனை. நீளமாகச் சுருட்டிய கம்பியைத் தேவையான இடத்தில் வெட்டிவிடுவது. வெட்டிய வாய் மலைப்பாதை போலச் சரிவாக மேலேறி நிற்கும். இதைச் செய்வது எளிது, செலவும் குறைவு. ஆனால் மேசை மேல் நிறுத்தினால் நேராக நிற்காது. பாரம் முழுவதும் வெட்டிய நுனி என்ற ஒரே புள்ளியில் விழும். பெட்டியில் பலவற்றைப் போட்டு வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, திறந்து சாணை பிடித்த முனை. முன் சொன்ன அதே முனையைச் சாணைக் கல்லில் பிடித்துத் தட்டையாக்குவது. இது முன்னதை விடச் சற்று நன்றாக நிற்கும். இருந்தாலும் கடைசிச் சுற்றுக்கு அடியில் ஆதாரம் இல்லாததால், சாணையில் மெலிந்த நுனி பாரத்தில் வளையக்கூடும்.

மூன்றாவது, மூடிய முனை. கடைசிச் சுற்றை மட்டும் சரிவில்லாமல் சுருட்டி, பக்கத்துச் சுற்றின் மேல் ஒட்டிப் படுக்க வைப்பது. பாம்பு சுருண்டு படுத்தாற்போல அந்தச் சுற்று கிடக்கும். பாரம் ஒரு புள்ளியில் விழாமல் வளையத்தில் பரவும்.

நான்காவது, மூடிச் சாணை பிடித்த முனை. ஒட்டிப் படுத்த சுற்றைச் சாணை பிடித்து, வளையத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு தட்டையாகும்படி செய்வது. தளத்தின் மேல் வைத்தால் கம்பம் போல நிமிர்ந்து நிற்கும். நான்கில் மிக நேரானது இதுவே. வேலை அதிகம்; விலையும் அதிகம்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் நான்காவது வகையையே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பேனாவைத் திறந்து உள்ளே இருக்கும் சுருளைப் பாருங்கள். கம்பி அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பு. அதைச் சாணை பிடிக்கப் போனால் நுனி மெலிந்து கருகிப்போகும். அது குழாய்க்குள் இருப்பதால் கோண வழியும் இல்லை. ஆகவே அதற்கு மூடிய முனை மட்டும் போதும். டார்ச் விளக்கின் சுருள் அடியில் அகன்று, மேலே குறுகிக் கூம்பாக இருக்கும். அகன்ற பக்கம் மூடியில் உட்கார, குறுகிய பக்கம் மின்கலத்தைத் தொடும். கூம்பு வடிவமே அதை நேராக நிறுத்துகிறது, சாணை தேவையில்லை. ஆனால் எஞ்சின் வால்வின் சுருள் ஒரு நிமிடத்தில் ஆயிரம் முறைக்கும் மேலாக அமுங்கி எழுகிறது. அங்கே சிறு கோணல் இருந்தாலும் வால்வின் தண்டு ஒரு பக்கமாகத் தேயும். அதற்கு நான்காவது வகைதான் வேண்டும். வேலைக்கு ஏற்ற முனை என்பதே விதி.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. பிள்ளைகள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள கம்பியில் மொத்தம் 10 சுற்று உள்ள சுருள்வில் ஒன்றை வைத்துக்கொள்வோம். முனை திறந்ததாக இருந்தால் 10 சுற்றும் வேலை செய்யும். முனைகளை மூடினால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சுற்றுகள் படுத்துவிடும்; மீதி 8 சுற்றுகளே அமுங்கி எழும். திறந்து சாணை பிடித்தால் இரு பக்கமும் பாதிப் பாதியாக ஒரு சுற்று குறைந்து 9 சுற்று வேலை செய்யும். வேலை செய்யும் சுற்றுகள் குறையக் குறையச் சுருள் விறைப்பாகும். ஆக, பார்வைக்கு ஒரே கம்பி, ஒரே அகலம், ஒரே 10 சுற்று. ஆனால் முனை மூடிய சுருள், முனை திறந்த சுருளை விட 100-க்கு 25 பங்கு விறைப்பு கூடியது! பழைய சுருளின் சுற்றுகளை மட்டும் எண்ணிவிட்டுக் கடையில் வேறு முனையுள்ள சுருளை வாங்கி வந்தால் பொறி ஏன் முன்போல ஓடவில்லை என்பது இப்போது விளங்கும்.

இன்னொரு கணக்கு. முழுவதும் அமுங்கிக் கட்டை போல ஆகும்போது சுருளின் உயரம் எவ்வளவு? சாணை பிடிக்காததாக இருந்தால் 10 சுற்றோடு ஒரு கம்பித் தடிப்பைக் கூட்டி 33 மில்லிமீட்டர். சாணை பிடித்திருந்தால் சரியாக 30 மில்லிமீட்டர். இடம் நெருக்கமான பொறியில் இந்த 3 மில்லிமீட்டர் பெரிய வித்தியாசம்.

மூன்றாவதாக, உயரத்தையும் பார்க்க வேண்டும். மெலிந்து உயர்ந்த பாக்குமரம் காற்றில் வளைவது போல, மெலிந்து நீண்ட சுருளும் பாரத்தில் பக்கவாட்டில் வளையும். பாரம் இல்லாதபோது அதன் உயரம் அகலத்தைப் போல் நான்கு மடங்கைத் தாண்டினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட சுருளுக்கு முனையை மூடிச் சாணை பிடிப்பதோடு நில்லாமல், நடுவில் ஒரு தண்டோ, வெளியே ஒரு குழாயோ துணை கொடுக்க வேண்டும்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டுப் பட்டறைகளில் பெரும்பாலும் கை அனுபவத்தால் நடந்த தொழில் இது. எந்தச் சுருள் முறிந்தது, எங்கே முறிந்தது என்று பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த ஏ. எம். வால் என்ற பொறியாளர் இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். சுருளின் கம்பியில் வெளிப்பக்கத்தை விட உட்பக்கத்தில் இறுக்கம் கூடுதல் என்பதை 1929-இல் கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய பெரிய நூல் 1944-இல் வெளிவந்தது. இன்று சுருள்வில்லின் வரைபடம் எதை எடுத்தாலும் கம்பித் தடிப்பு, அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு முனையின் வகையும் கட்டாயமாக எழுதியிருக்கும்.

நம்மவர்கள் இந்தத் தொழிலில் கை வைத்த கதையும் உண்டு. கோலாலம்பூரின் செந்தூல் இரயில் பட்டறையில் ஏராளமான தமிழர்கள் எஞ்சின்களையும் வண்டிகளையும் பழுது பார்த்துத் தொழில் கற்றார்கள். கடலுக்கு அப்பால் சென்னையில், பெரம்பூரில், இரயில் பெட்டித் தொழிற்சாலை ஒன்று 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பிரதமர் நேருவால் திறந்து வைக்கப்பட்டது. ஸ்விட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் துணையோடு தொடங்கிய அத்தொழிற்சாலையில் தமிழகத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கான பெட்டிகளைச் செய்தார்கள். இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் ஓடிய நீல நிறப் பெட்டிகளில் பெரும்பகுதி அங்கே பிறந்தவை.

அந்தப் பெட்டியின் அடியில், சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில், தகடு வில்லுக்குப் பதிலாகச் சுருள்வில்களை வைத்தார்கள். அச்சின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு சுருள்கள். அவற்றுக்கு மேலே பெட்டியின் உடலைத் தாங்க இன்னும் பெரிய சுருள்கள். கம்பி என்று சொல்வதே தவறு. பெருவிரலை விடத் தடித்த எஃகுக் கோல்கள் அவை. இப்படிப்பட்ட கோலைப் பேனாச் சுருள் போலக் குளிர்ந்த நிலையில் சுருட்ட முடியாது. முதலில் கோலின் இரு நுனிகளையும் மெலிதாகத் தட்டிக் கூராக்குகிறார்கள். பிறகு உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சுருட்டுகிறார்கள். நுனி மெலிந்திருப்பதால் கடைசிச் சுற்று அழகாக ஒட்டிப் படுக்கிறது. சூட்டோடு எண்ணெயில் தோய்த்து இறுக வைத்து, மீண்டும் மிதமான சூட்டில் பதப்படுத்துகிறார்கள். கடைசியில் இரு முனைகளையும் சாணை பிடித்துத் தட்டையாக்குகிறார்கள்.

அதோடு வேலை முடியவில்லை. ஒவ்வொரு சுருளையும் பொறியில் வைத்துக் குறித்த பாரத்தை ஏற்றி, அதன் உயரத்தை அளக்கிறார்கள். உயரத்தின்படி இனம் பிரித்து வண்ணம் பூசுகிறார்கள். ஒரே சட்டத்தில் ஒரே இனச் சுருள்களையே போட வேண்டும். ஒன்று உயரமும் ஒன்று குள்ளமுமாக இருந்தால் பெட்டி ஒரு பக்கம் சாயும். ஒரு சக்கரம் அதிகமாகவும் ஒரு சக்கரம் குறைவாகவும் பாரம் தாங்கும். நூற்றுக்கணக்கான பயணிகளின் உயிர் அந்தச் சமநிலையில் இருக்கிறது. பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தியைப் பெரம்பூர்த் தொழிற்சாலை 2018-இல் நிறுத்திவிட்டு, புதிய வகைக்கு மாறியது. புதிய பெட்டிகளிலும் சுருள்வில்கள் உண்டு.

முறிந்துபோன வண்டிச் சுருள்களைப் பரிசோதித்தவர்கள் ஓர் உண்மையைச் சொல்கிறார்கள். பல சுருள்கள் நடு உடலில் முறிவதில்லை. முனைக்குப் பக்கத்தில் முறிகின்றன. படுத்திருக்கும் சுற்றும், அதற்கு அடுத்து வேலை செய்யும் சுற்றும் தொட்டுத் தொட்டு உராயும் இடம் அது. அங்கே முதலில் வண்ணப்பூச்சு உதிரும். பிறகு ஈரம் புகுந்து துரு பிடிக்கும். துரு அரித்த பள்ளத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றும். ஒரு நாள் படீர் என்று முறியும். ஆகவே வண்டியின் அடியைக் கழுவிச் சோதிக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த முனைதான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று இளைஞர்களில் சிலர் காரையோ மோட்டார் சைக்கிளையோ தாழ்வாக்கினால் அழகு என்று கருதி, சுருள்வில்லின் சுற்றுகளை வெட்டிவிடுகிறார்கள். வெட்டும்போது என்ன நடக்கிறது? நாம் இப்போது படித்ததை வைத்தே சொல்லிவிடலாம். வேலை செய்யும் சுற்றுகள் குறைவதால் சுருள் விறைத்துவிடும். மூடியிருந்த முனை போய், திறந்த முனை வந்துவிடும். பாரம் ஒரே நுனியில் விழும். கார்களில் பலவற்றில், சுருளின் நுனி வந்து முட்டுவதற்கென்றே கிண்ணத்தில் ஒரு படி வைத்திருப்பார்கள். வெட்டிய சுருள் அதில் பொருந்தாது. வளைவில் வண்டி சாயும்போதோ பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதோ சுருள் தன் இடத்தை விட்டே நழுவக்கூடும். வெட்டிய முனையைச் சூடு காட்டி அமுக்கி மூடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது அதைவிடக் கேடு. சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். பதம் கெட்ட பால்வெட்டுக் கத்தியைத் தீட்டித் தீட்டிப் பயனில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சுருள்வில்லும் அப்படியே.

ஆகவே சுருள்வில்லை மாற்ற வேண்டி வந்தால் நான்கு காரியங்களைக் கவனியுங்கள். பழைய சுருளை எறிந்துவிடாமல் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். கம்பித் தடிப்பையும், அகலத்தையும், உயரத்தையும், சுற்றுகளையும் ஒப்பிடும்போது முனையையும் சேர்த்து ஒப்பிடுங்கள். புதிய சுருளைத் தட்டையான கண்ணாடியின் மேல் நிறுத்திப் பாருங்கள். சாணை பிடித்த சுருள் சாயாமல் நிற்க வேண்டும். ஒரே அச்சின் இரு பக்கச் சுருள்களையும் சேர்த்தே மாற்றுங்கள். வண்டியின் சுருளைக் கழற்றுவதற்கு மட்டும், உரிய கருவி உள்ள பட்டறைக்குச் செல்லுங்கள். அமுங்கியிருக்கும் சுருள் திடீரென விடுபட்டால் ஆளை அடித்துவிடும்.

முடிவாக, நம் தோட்டத்தோடு தொடர்புடைய ஒரு செய்தி. எஃகு மட்டும்தான் ஸ்பிரிங் என்பதில்லை; நீங்கள் வெட்டிய பால்மரத்து ரப்பரும் ஸ்பிரிங்தான். மலேசிய ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் பங்கு கொண்ட முயற்சியால், ரப்பர்த் திண்டுகளின் மேல் நிற்கும் நீதிமன்றக் கட்டடம் ஒன்று 1985-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எழுந்தது. நிலம் அதிர்ந்தாலும் திண்டு வாங்கிக்கொள்ளும். 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலத்தின் கீழும் இத்தகைய இயற்கை ரப்பர்த் திண்டுகள் இருக்கின்றன. அந்தத் திண்டுகளிலும் மேலும் கீழும் தட்டையான எஃகுத் தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். ஏன்? பாரம் ஒரு மூலையில் விழாமல் முழுப் பரப்பிலும் சமமாக விழ வேண்டும் என்பதற்காக. எஃகோ ரப்பரோ, விதி ஒன்றுதான்.

ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகவும் வீட்டு மனைகளாகவும் மாறிவிட்டன. தோட்டப் பிள்ளைகள் பலர் பட்டறைகளையும் தொழிற்சாலைகளையும் தேடிச் செல்கிறார்கள். அங்கே திருகாணியை முடுக்கத் தெரிந்தவர் பலர் இருப்பார்கள். இந்தச் சுருளுக்கு ஏன் இந்த முனை என்று சொல்லத் தெரிந்தவர் சிலரே இருப்பார்கள். ஏன் என்று தெரிந்தவரிடம்தான் பொறியை நம்பி ஒப்படைப்பார்கள். சம்பளமும் அதற்கு ஏற்பவே உயரும். ஆகவே பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை பழைய பேனாவையோ டார்ச் விளக்கையோ பிரித்துப் பார்த்தால் கண்டிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சுருளின் முனை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்.